இரும்பு போட்டுச் செம்பு எடுப்பது

மூன்றாம் மட்டத்துச் சுரங்கவாயிலிருந்து
நீலமாக ஒழுகுகிறது தண்ணீர்.
மயில் கழுத்தை யாரோ பிழிந்துவிட்ட நீலம்.
குடித்த ஆடு கரையேறவில்லை.
கால் வைத்தால் நகக்கண் எரியும்.
ஆனாலும் எங்களுக்கு அதுதான் வயல்.

தில்பகதூர் தண்டவாள ஆணி பிடுங்கி வருவான்.
நான் நம்துக் கடைத்தெருவில் பொறுக்குவது
பால் டப்பா, கதவுக் கீல், அறுந்த சைக்கிள் சங்கிலி.
மூங்கில் தட்டியால் கால்வாயை மறித்து
உள்ளே போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.
இருபது நாளில்
இரும்பைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்,
வாங்கிய இடத்தில் செம்பை வைத்துவிட்டுப் போகும்.
பார்வைக்கு ஆணி ஆணிதான்.
தொட்டால் உதிரும், சிவந்த சேறு.

மலையும் இப்படித்தான் உண்டானதாம்.
சொன்னவள் ரங்கூனிலிருந்து வந்த நிலவியல்காரி.
மூன்று நாள் அவள் கல் மூட்டையைச் சுமந்தேன்.
முதலில் எரிமலை,
கடலுக்குள் சாம்பலைக் கொட்டியது,
மீனுக்குத் தாடை முளைக்காத காலம்.
சாம்பல் கல்லாகியது. கல் முறிந்தது.
முறிவு வழியே கொதிநீர் ஏறி
கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்று
தின்ற பள்ளத்தில் ஈயத்தை வைத்தது,
ஈயத்துக்குள் வெள்ளியை ஒளித்தது,
ஓரத்தில், மிச்சம் போல, செம்பு.

எத்தனை நாள் பிடித்தது என்று கேட்டேன்.
சிரித்துக்கொண்டே ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தாள்.
வெளியே கரி.
உள்ளே சின்னச் சின்னச் சதுரமாய்
சவரக் கண்ணாடி.

பாட்வின் என்றால் வெள்ளிக் கிணறு.
பர்மியருக்குச் சுரங்கமும் கிணறும் ஒரே சொல்.
பெயர் வைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது
கடைசியில் தண்ணீர்தான் நிற்கும் என்று.

யூனானிலிருந்து கோவேறு கழுதையோடு வந்தவர்கள்
வெள்ளியை உருக்கி எடுத்துக்கொண்டு
ஈயத்தைக் கசடென்று பள்ளத்தில் கொட்டினார்கள்.
பாட்டன் கொட்டினான், பேரன் கொட்டினான்.
பிறகு ஒருவரும் இல்லை,
உலைவாயில் மூங்கில் முளைத்தது.
வெள்ளைக்காரன் வந்தபோது
அண்ணாந்து மலையைப் பார்க்கவில்லை,
குனிந்து குப்பையைப் பார்த்தான்.
அதை அள்ளத்தான் முதலில் ரயில் விட்டான்.
அந்த ரயில் பாதையின் ஆணியைத்தான்
இன்று காலை நான் ஊறப்போட்டது.

போன மழையில் பம்பு அறைச் சுவர் சரிந்தது.
உள்ளே ஒரு வாளி நிறைய இரும்பு வில்லைகள்,
இறங்கும்போது வாங்கி
ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பவை.
வாளியில் கிடந்தவர்கள் ஏறி வந்தவர்கள்.
ஒன்று மட்டும் உள்ளே தள்ளி, சேற்றில், தனியாக.
2217.
துளையில் கட்டுக்கம்பி முறுக்கு அவிழாமல் இருந்தது.

"இதை வேண்டாமே" என்றான் தில்பகதூர்.
வாளியில் இருந்தவர்களுக்கு மட்டும்
நாம் என்ன செய்துவிட்டோம் என்றேன்.
எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன்.
அன்று இரவு அரிசி இல்லை என்பதும் உண்மை.

இருபத்தோராம் நாள் லாவ் யாங் வந்தான்.
அவன் பெய்த்தா என்பான், நான் வீசை என்பேன்,
தராசுக்கு இரண்டும் ஒன்று.
சேற்றை அள்ளினான், பிழிந்தான், நிறுத்தான்.
சேற்றுக்குள் ஏதோ கடினமாய்த் தட்டுப்பட
எடுத்து நகத்தால் சுரண்டினான்.
சிவப்பு உரிந்து, அடியில் கருப்பு.
இரண்டு இரண்டு ஒன்று வரை தெளிவாக இருந்தது.

"உள்ளே இன்னும் இரும்பு.
இரும்புக்கு நான் காசு தருவதில்லை."
என் காலடியில் போட்டான்.

கழுவினேன். கம்பியை ஆட்டிப் பார்த்தேன்.
தட்டிக்கு உள்பக்கம்,
தண்ணீர் வேகமாக வரும் இடத்தில்
மறுபடி இறக்கி வைத்தேன்.

இன்னும் பத்து நாள்.